உப்பில்லாக் கீரை

போன மாதம் இடையஞ்சாவடியில் ஒரு நிச்சயதார்த்தம். பெண் வீடு எங்களுக்குச் சுற்றி வளைத்துச் சொந்தம். செம்மண் பாதையும் முந்திரித் தோப்பும் தாண்டி ஊருக்குள் நுழைந்தால், முதலில் வரவேற்றது பெண்ணோ மாப்பிள்ளையோ அல்ல, ஒரு ராட்சச ஃபிளெக்ஸ் பேனர். வெள்ளை வேட்டியில் ஒரு பிரமுகர் நடந்து வருகிறார். அவருக்குப் பின்னால், எதற்கோ, ஒரு புலியும் நடந்து வருகிறது. கீழே கொட்டை எழுத்தில்: 'எட்டாவது வள்ளலே வருக!'

வள்ளல் என்ன கொடுத்தார் என்று விசாரித்தேன். பந்தலுக்கு ஐம்பது நாற்காலி. அதுவும் வாடகை நாற்காலி.

சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். 'எட்டாவது' என்ற சொல்தான் விடவில்லை. ஏனென்றால் இந்தக் கடற்கரைப் பக்கத்துக்கு நிஜமாகவே ஓர் எட்டாவது வள்ளல் உண்டு. பெயர் நல்லியக்கோடன். ஓய்மா நாட்டு ராஜா. இன்றைய திண்டிவனத்தில் இருக்கும் கிடங்கில்தான் அவன் கோட்டை. அவனைப் பற்றிய பாட்டு, பத்துப்பாட்டில் ஒன்றான சிறுபாணாற்றுப்படை. 269 அடி. பாடியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். இடைக்கழிநாடு எங்கோ இல்லை. மரக்காணத்துக்கு வடக்கே, கடலுக்கும் கழிக்கும் நடுவே நீளும் ஊர்கள்தான். ஆக, உள்ளூர்ப் புலவர் உள்ளூர் ராஜாவைப் பாடியது.

நான் படித்தது பி.காம். கல்லூரியில் தமிழ் ஒரு தாள். இந்தப் பாட்டிலிருந்து எங்களுக்கு வந்து சேர்ந்தது கடையெழு வள்ளல்களின் பட்டியல் மட்டும். மயிலுக்குப் போர்வை, முல்லைக்குத் தேர், ஔவைக்கு நெல்லிக்கனி. மனப்பாடம் செய்தால் மார்க் நிச்சயம். 1889-ல் உ.வே.சாமிநாதையர் நச்சினார்க்கினியர் உரையோடு பத்துப்பாட்டை அச்சில் கொண்டுவந்தது, நாங்கள் ஏழு பெயரை உருப்போட்டுவிட்டு மறந்துபோவதற்காக அல்ல என்பது அப்போது உறைக்கவில்லை.

நிச்சயதார்த்த வீட்டிலிருந்து திரும்பி வந்து முழுப் பாட்டையும் உரையோடு உட்கார்ந்து படித்தேன். காமர்ஸ்காரன் எப்படிப் படிப்பானோ அப்படி. செலவு இந்தப் பக்கம், வரவு அந்தப் பக்கம்.

*

செலவுப் பக்கம் ஜொலிக்கிறது.

கதை இதுதான். பரிசு வாங்கிக்கொண்டு திரும்பும் ஒரு பாணன், சிறிய யாழோடு பசியில் வாடி வரும் இன்னொரு பாணனை வழியில் பார்க்கிறான். 'நான் போன இடத்துக்கு நீயும் போ' என்று வழி சொல்கிறான். சேரன் வஞ்சியா? ஒன்றுமில்லை. பாண்டியன் மதுரையா? அதுவும் ஒன்றுமில்லை. சோழன் உறந்தையா? அதுவும் அப்படித்தான். ஏழு வள்ளல்கள் இழுத்த கொடை என்னும் வண்டியை இன்று ஒற்றை ஆளாக இழுப்பவன் நல்லியக்கோடன்தான். அவன் வாசல் அடைக்காத வாசல். போனால் நல்ல உடுப்பு, கள், வீமன் எழுதியதாகச் சொல்லப்படும் சமையல் நூல் தவறாமல் சமைத்த பலகாரங்கள், சாப்பிடப் பொன் தட்டு. ராஜாவே பக்கத்தில் நின்று பரிமாறுவான். கிளம்பும்போது காளை பூட்டிய தேர் வேறு.

இதில் எனக்குப் பிடித்தது அந்த 'நின்று பரிமாறுவது'. எச்சில் கையால் காக்கை ஓட்டாத ராஜாக்களுக்கு நடுவே இவன் ஒருத்தன் விருந்தாளி தட்டைப் பார்த்துப் பார்த்துப் போடுகிறான். அதைக் குறை சொல்ல மாட்டேன்.

வரவுப் பக்கத்துக்கு வருவோம். இவ்வளவும் எங்கிருந்து வந்தது?

பாட்டு இதை மறைக்கவில்லை. எதிரி ராஜாக்களின் கோட்டையை இடித்து, அவன் வீரர்கள் கொண்டுவந்த செல்வம். அவ்வளவுதான். சுருக்கமாகச் சொல்லிவிட்டு நத்தத்தனார் நகர்ந்துவிடுகிறார். கொள்ளை என்று நாம் சொல்வது அன்றைக்கு ராஜ தர்மம். இடிந்த கோட்டைக்குள்ளும் அடுப்பு எரிந்திருக்கும், அந்த ஊரிலும் யாழ் வைத்திருந்த ஒருவன் இருந்திருப்பான். அவன் யாரிடம் போனான்? அவனுக்கு ஆற்றுப்படை இல்லை.

வரவுப் பக்கத்தில் இன்னொரு இனமும் இருக்கிறது. நாம் கணக்கில் சேர்க்கவே மறந்த இனம். கிடங்கில் போய்ச் சேரும்வரை பாணன் குடும்பம் பட்டினி கிடப்பதில்லை. முதலில் வருவது எயிற்பட்டினம். மதிலைப் பெயராகக் கொண்ட பட்டினம் என்று புலவர் விடுகதை மாதிரி சொல்லும் இந்த ஊரைத்தான் பல ஆய்வாளர்கள் மரக்காணம் என்கிறார்கள். அங்கே ஒட்டகம் படுத்துத் தூங்குவது போலக் கரை ஒதுங்கிக் கிடக்கும் வாசனை மரம்தான் விறகு. மீனவர் வீட்டில் பழைய கள்ளும் சுட்ட குழல்மீன் கருவாடும் தருகிறார்கள். அடுத்தது வேலூர், வேடர் வீட்டில் புளி போட்ட சுடுசோறும் காட்டுப்பசுவின் இறைச்சியும். பிறகு ஆமூர், உழவர் வீட்டில் குத்திய அரிசிச் சோறும் நண்டுக் கறியும்.

கவனியுங்கள். ராஜா ஒரு வேளை பொன் தட்டில் போடுவதற்கு முன், மூன்று வேளை சோறு போட்டது ஜனங்கள். நன்றி மொத்தமும் கடைசித் தட்டுக்குப் போய்விட்டது. அது மட்டுமில்லை. அந்த அடைக்காத வாசல் யாருக்கு அடைக்காதது என்றும் பாட்டு பட்டியல் தருகிறது: பொருநர், புலவர், அந்தணர். கருவாடு சுட்டுக் கொடுத்த மீனவர் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை.

*

இவ்வளவோடு நிறுத்தினால் இது வெறும் புகழ்ச்சிப் பாட்டு, ஓலையில் எழுதிய பேனர் என்று தள்ளிவிடலாம். அப்படித் தள்ள முடியாமல் செய்கிற ஓர் இடம் பாட்டின் நடுவில் இருக்கிறது.

பரிசு வாங்கும் முன் தன் வீடு எப்படி இருந்தது என்று பாணன் சொல்கிறான். அடுப்படியில் அப்போதுதான் குட்டி போட்ட நாய். கண் திறக்காத குட்டிகள் பாலில்லாத மடியை இழுக்க, வலி பொறுக்காமல் தாய் குரைக்கிறது. இற்று விழும் சுவர். கரையான். புழுதியில் முளைத்த காளான். பசியில் இடுப்பு ஒட்டிப்போன பெண் குப்பையில் முளைத்த வேளைக் கீரையை நகத்தால் கிள்ளி வருகிறாள். வேகவைக்கிறாள். உப்பில்லாமல். பிறகு, புறம் பேசுகிறவர்கள் யாராவது பார்த்துவிடப் போகிறார்களே என்று வெட்கப்பட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு, சுற்றம் மொத்தமும் அந்தக் கீரையைப் பங்கு போட்டுச் சாப்பிடுகிறது.

உப்பில்லாமல்! பெருங்கடலும் கழியும் சூழ்ந்த நாட்டைப் பாடுகிற பாட்டில், பாட்டுடைத் தலைவனின் துறைமுகமே உப்புக்கரையில் இருக்கிற பாட்டில், ஒரு வீட்டுக் கீரைக்கு உப்பு இல்லை. உப்பு வண்டி ஓட்டும் உமணர்கள் இந்தப் பாட்டிலேயே வருகிறார்கள், பாண்டியனின் கொற்கைப் பக்கம். அவர்களோடு வந்த குரங்கு, கிளிஞ்சலுக்குள் முத்தைப் போட்டு உமணர் பிள்ளைகளோடு கிலுகிலுப்பை ஆடுகிறது. குரங்குக்கு முத்து கிடைக்கிற உலகத்தில் பாணன் வீட்டுக்கு உப்பு கிடைக்கவில்லை.

நத்தத்தனார் புரட்சி செய்தார் என்று சொல்ல வரவில்லை. வறுமையை எவ்வளவு கறுப்பாகத் தீட்டுகிறோமோ அவ்வளவுக்குக் கொடை வெள்ளையாகத் தெரியும். ஆற்றுப்படையின் இலக்கணமே அது. அந்த வீடு நல்லியக்கோடன் நாட்டில் இருந்ததா, பக்கத்து ராஜா நாட்டிலா என்றும் பாட்டு சொல்லவில்லை. ஆனால் இலக்கணத்துக்கு அந்த நாய் தேவையில்லை. நகம் தேவையில்லை. உப்பு தேவையே இல்லை. 'பசித்தோம்' என்று ஒரு வரியில் முடித்திருக்கலாம். உள்ளூர்க்காரர் என்பதால் பார்த்ததை எழுதாமல் இருக்க முடியவில்லை போலிருக்கிறது.

ஒரே பாட்டில் இரண்டு வாசல்கள். ஒன்று அடைக்காத வாசல், ராஜாவுடையது. இன்னொன்று அடைத்த கதவு, வெட்கத்தால் அடைத்தது. நாம் முதல் வாசலை மட்டும் மனப்பாடம் செய்தோம். என் கட்சி என்னவென்றால், இந்தப் பாட்டின் உயிர் இரண்டாவது கதவில் இருக்கிறது. ராஜா எவ்வளவு நல்லவன் என்பது பொன் தட்டில் தெரியும். ராஜ்ஜியம் எப்படி நடந்தது என்பது கீரையில்தான் தெரியும்.

*

இந்த இடத்தில் கொஞ்சம் கப்பல் ஏற வேண்டும். பயப்படாதீர்கள், தூரம் அதிகமில்லை. இடையஞ்சாவடிக்குத் தெற்கே பாண்டிச்சேரி தாண்டினால் அரிக்கமேடு. 1945-ல் மார்டிமர் வீலர் அங்கே தோண்டியபோது, இத்தாலியின் அரெஸ்ஸோ ஊர்ப் பெயரைத் தாங்கிய அரெட்டைன் மட்கலத் துண்டுகள் கிடைத்தன. அந்த அரெஸ்ஸோ ஒரு காலத்தில் எட்ருஸ்கர்களின் நகரம். எட்ருஸ்கர்கள் யார்? ரோமுக்கு ராஜா வேஷத்தைக் கற்றுக் கொடுத்தவர்கள். முன்னால் கோடாரிக் கட்டு ஏந்திப் போகும் பன்னிரண்டு சேவகர்கள், தந்த நாற்காலி, ஊதாக் கரை வைத்த மேலாடை எல்லாம் அவர்களிடமிருந்து வந்தவை என்று ரோமானியர்களே ஒப்புக்கொள்கிறார்கள்.

ரோமின் பழைய கதையை எழுதிய லிவி, அது நடந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கு ஐந்நூறு வருஷம் பிந்தியவர். அதில் எவ்வளவு சரித்திரம், எவ்வளவு கதை என்று இன்றும் சண்டை போடுகிறார்கள். ஆனாலும் கதையின் போக்கைப் பாருங்கள். கி.மு. 753 முதல் 509 வரை ஏழு ராஜாக்கள். அப்பனுக்குப் பிறகு பிள்ளை என்ற சட்டம் இல்லை. ரோமுலஸ் போன பிறகு, அடுத்த ராஜா கிடைக்கும்வரை செனட்டர்கள் ஐந்தைந்து நாளாக முறை வைத்து ஆண்டார்கள். ஐந்தாவதாக வந்த டார்க்வினியஸ் எட்ருஸ்க ஊரிலிருந்து குடியேறியவர். ராஜா பதவிக்காக ஜனங்களிடம் ஆதரவு திரட்டிப் பிரசங்கம் செய்த முதல் ஆள் அவர்தான் என்கிறார் லிவி. ஃபிளெக்ஸ் மட்டும்தான் பாக்கி.

அவருக்கு முந்திய நான்காவது ராஜா ஆங்கஸ் மார்ஷியஸ். அவர் பெயரில் லிவி வரவு வைக்கும் காரியங்களில் ஒன்று நமக்கு முக்கியம். டைபர் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் ஆஸ்டியா என்ற ஊரை உண்டாக்கி, சுற்றிலும் உப்பளம் போட்டார். அங்கேயும் ராஜாவின் பெருமையில் உப்பு கரைந்திருக்கிறது.

ஏழாவது ராஜாவின் அட்டகாசம் தாங்காமல் 509-ல் ராஜ வம்சத்தையே துரத்தினார்கள். துரத்தப்பட்டவர் சும்மா இருப்பாரா? க்ளூசியம் நகரத்து எட்ருஸ்க ராஜா லார்ஸ் போர்சென்னாவைப் படையோடு கூட்டிக்கொண்டு வந்தார். ரோம் நகரத்து செனட்டுக்குக் கிலி பிடித்தது. எதிரியைப் பார்த்து மட்டுமல்ல. 'பசித்த ஜனங்கள் ராஜாவே வரட்டும் என்று கதவைத் திறந்துவிட்டால்?'

உடனே என்ன செய்தார்கள் தெரியுமா? வெளியூருக்கு ஆள் அனுப்பித் தானியம் வாங்கினார்கள். உப்பு விலை தாறுமாறாக ஏறிக் கிடந்தது. விற்கும் உரிமையைத் தனியாரிடமிருந்து பறித்து அரசே எடுத்துக்கொண்டது. சாதாரண ஜனங்களுக்கு வரியைத் தள்ளுபடி செய்து, ஏழைகள் பிள்ளை வளர்ப்பதே அவர்கள் கட்டும் வரி என்றார்கள். நாட்டை ஆளுகிறவர் வாயிலிருந்து வந்த வார்த்தைகளில் இதைவிட அழகானதை நான் அதிகம் படித்ததில்லை.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. போர்சென்னா ரோமானியர் வீரத்தை மெச்சி சமாதானமாகப் போய்விட்டார் என்பது லிவி. டாசிட்டஸ் என்ற இன்னொரு சரித்திரக்காரர் வேறெதையோ சொல்லிக்கொண்டு போகிற போக்கில், நகரம் அவரிடம் சரணடைந்தது என்று போட்டு உடைத்துவிடுகிறார். புகழ்ச்சி நீளமாக இருக்கும், உண்மை ஓரமாக இருக்கும். எல்லா ஊரிலும் இதுதான் வழக்கம். பிறகு கி.மு. 495-ல், நாடு கடந்து கிடந்த பழைய ராஜா செத்துப்போனார் என்ற செய்தி வந்தது. அன்றிலிருந்து ஜனங்களைத் தாங்கு தாங்கென்று தாங்கிய பெரிய மனிதர்கள் அவர்களை மிதிக்க ஆரம்பித்தார்கள் என்று லிவியே எழுதுகிறார். பயம் போனது, சலுகையும் போனது. மறு வருஷம் ஜனங்கள் மொத்தமாக ஊரைவிட்டு வெளியேறிக் குன்றில் போய் உட்கார்ந்தார்கள். தங்களுக்காகப் பேசத் தாங்களே ஆள் வைப்போம், அவர்மேல் எவனும் கை வைக்கக்கூடாது என்ற உரிமையை வாங்கிக்கொண்டுதான் இறங்கினார்கள்.

ராஜா கொடுத்தது கொடை. செனட் கொடுத்தது பயத்தில் கொடுத்த சலுகை. குன்றிலிருந்து இறங்கும்போது கையில் இருந்ததுதான் உரிமை. மூன்றும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். நாளைக்கும் கையில் இருக்குமா என்று கேட்டால்தான் வித்தியாசம் தெரியும்.

*

நம் கரைக்குத் திரும்புவோம். இங்கேயும் அரசு உப்பில் கை வைத்தது. 1805-ல் சென்னை மாகாணத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி உப்பைத் தன் ஏகபோகமாக்கியது. ரோமில் அரசு உப்பை எடுத்தது விலையை இறக்க. இங்கே எடுத்தது கஜானாவை நிரப்ப. அரசு உப்பில் கை வைக்கலாமா கூடாதா என்பதல்ல, யாருக்குப் பயந்து வைக்கிறது என்பதுதான் கேள்வி. ஜனங்களுக்குப் பயப்படாத அரசுக்குப் பயம் காட்ட 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடக்க வேண்டியிருந்தது. உப்பு வரி ஒழிய 1947 ஆனது.

இப்போது மரக்காணம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிறவர்கள் வண்டியை நிறுத்திப் பாத்திகளையும் வெள்ளைக் குவியல்களையும் போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். வெயில் காலத்தில்தான் உப்பு விளையும். ஐப்பசி மழை இறங்கினால் பாத்தி மூழ்கிவிடும், வேலை கிடையாது. 2022-ல் தமிழக அரசு, மழைக்காலத்தில் வேலையில்லாத உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு 5,000 ரூபாய் நிவாரணம் தரத் தொடங்கியது. நல்ல காரியம். மீனவர்களுக்குத் தடைக்கால நிவாரணம் உண்டு என்றால் இவர்களுக்கும் வேண்டும்தானே. எனக்கு உறுத்துவது தொகை அல்ல, நம் வினைச்சொல். அரசுப் பணம் எது கை மாறினாலும், எந்தக் கட்சி ஆண்டாலும், நமக்கு அது 'வழங்கினார்'தான். வாங்குகிறவர் கும்பிட்ட கையோடு நிற்கும் படமும் கூடவே வரும். கிடங்கில் கோட்டை இடிந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. ஆற்றுப்படை மட்டும் நிற்கவில்லை.

அன்றைக்கு நிச்சயதார்த்தப் பந்தியில் எனக்குப் பக்கத்து இலை, மாப்பிள்ளையின் பெரியம்மா. மரக்காணத்துக்காரர். உப்பு வாரி வாரி வெடித்த பாதம். பேச்சு எப்படியோ மழைக்காலத்துக்குப் போனது.

"ஐப்பசி, கார்த்திய வந்தா கடைக்காரன் கண்ணுல படாம நடக்கணும் தம்பி" என்றார். "கடன் சொல்லிச் சொல்லி நமக்கே வெக்கமா இருக்கும்."

"அதான் இப்ப அஞ்சாயிரம் தராங்களாமே, பெரிம்மா?"

"தராங்க. இல்லன்னு சொல்லல." சாம்பாரைப் பிசைந்துகொண்டே கொஞ்ச நேரம் யோசித்தார். "அது வருஷா வருஷம் வர்றதா தம்பி, இல்ல அவுங்க மனசு வெச்சாத்தான் வருமா? உனக்குத் தெரிஞ்சிருக்குமே, பேப்பர்ல எழுதுற ஆளு."

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. கொடைக்கும் உரிமைக்கும் உள்ள வித்தியாசத்தை விளக்க நான் ரோம் வரைக்கும் போய்வர வேண்டியிருந்தது. அவர் ஒரு வாய்ச் சோற்றுக்குள் கேட்டுவிட்டார்.

இடையஞ்சாவடி என்ற பெயரில் ஒரு சாவடி இருக்கிறது. சாவடி அரண்மனை இல்லை; வழிப்போக்கன் படுப்பான், ஊர் கூடி வழக்குப் பேசும். அதற்குக் கதவு கிடையாது. எனவே அடைக்காத வாசல் என்று யாரும் அதைப் பாடவும் மாட்டார்கள்.

வெளியே வரும்போது பேனர் காற்றில் ஒரு பக்கம் அறுந்து தொங்கிக்கொண்டிருந்தது. புலி மட்டும் நேராக நின்றது. வாடகை நாற்காலிகளை எண்ணி வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.